வெதுவெதுப்பான கடலில் ஒரு காவடி

நீந்தத் தெரிந்த ஒருவர், இன்ன நாளில் இன்ன கரையிலிருந்து இன்ன கரைவரை கடலில் நீந்தப்போவதாக முன்கூட்டியே அறிவித்து, அந்த முயற்சியின் பெயரால் உறவினர், நண்பர், உடன் வேலை செய்வோர், முகமறியாதோர் எனப் பலரிடமும் நன்கொடை கேட்டு, சேர்ந்த தொகையை ஒரு மருத்துவமனைக்கோ அறக்கட்டளைக்கோ ஒப்படைப்பதைத் தொண்டுநீச்சல் எனலாம். பணம் கொடுப்பவர் நீந்துவதில்லை. நீந்துபவர் அந்தப் பணத்தில் ஒரு காசும் எடுத்துக்கொள்வதில்லை. பயன் பெறுபவரோ பெரும்பாலும் கடற்கரைக்கே வந்திராத ஒரு நோயாளி. வணிகக் கணக்கில் அடங்காத இந்த ஏற்பாட்டை 2006ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தியாக்கியவர் நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ். அவர் ஆங்கிலக் கால்வாயை 10 மணி 34 நிமிடத்தில் நீந்திக் கடந்து, 'ஸ்போர்ட் ரிலீஃப்' என்னும் நிதிக்காகப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக்கொடுத்தார்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுந்தூரக் கடல்நீச்சல் தனிமனிதச் சாதனையாகவே நெடுங்காலம் பார்க்கப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில்தான் அது பிறர்பொருட்டுச் செய்யும் செயலாகவும் உருமாறி வருகிறது. அந்த மாற்றத்துக்குத் தெளிவான சான்று 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை 13 மணி 10 நிமிடம் நீந்திவந்த ஜியா ராய் என்னும் மும்பைச் சிறுமி. பிறரோடு பேசிப் பழகுவதிலும் ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உள்வாங்குவதிலும் வேறுபாடுடைய ஆட்டிசம் என்னும் மூளைவளர்ச்சி நிலை கொண்ட அவர், அந்த நிலையைப் பற்றிய விழிப்புணர்வுக்காகவே நீந்தினார்; அப்போது அவருக்கு வயது 13. முதலில் சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் அவருக்கு நீச்சல் பழக்கப்பட்டது என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 29 கிலோமீட்டர். கொச்சிக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், ஆலுவாவில் தொடங்கித் திருப்பூணித்துறையில் முடியும் மெட்ரோ ரயில் பாதையின் முழு நீளத்தைவிட அது சற்றே அதிகம்.

இத்தகைய நீச்சலில் பங்கெடுத்தவர்கள் பலரும், அடுத்து வரும் நாட்களில் மனம் லேசாகிறது, உறக்கம் நன்றாக வருகிறது, நெடுநாள் கவலை பிடி தளர்கிறது என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லை ஐயுற வேண்டியதில்லை. அதற்குத் தரப்படும் காரணத்தைத்தான் ஐயுற வேண்டும். நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகள் தவறாமல் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: குளிர்ந்த நீர். அந்த விளக்கம் ஐரோப்பாவின் வடகடலுக்குப் பொருந்தலாம். கொச்சிக்கும் இராமேசுவரத்துக்கும் பொருந்தாது. ஆகவே, இப்பகுதிக் கடலில் நீந்தியவருக்குக் கிடைத்த நிறைவு எங்கிருந்து வந்தது என்பதை வேறு இடத்தில் தேடியாக வேண்டியிருக்கிறது.

குளிர்நீர் பற்றிய விளக்கத்துக்கு அடிப்படையாக மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுவது 2000ஆம் ஆண்டில் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. இளைஞர்களைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மணி நேரம் நீரில் அமர்த்தி, நீரின் வெப்பநிலையை 14, 20, 32 டிகிரி செல்சியஸ் என மாற்றி மாற்றி அவர்கள் அளந்தார்கள். 14 டிகிரி நீரில், உடலை விழிப்பு நிலைக்குத் தள்ளும் நாரட்ரினலின் என்னும் சுரப்பு ரத்தத்தில் 530 விழுக்காடும், ஊக்கத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமின் 250 விழுக்காடும் உயர்ந்தன. இந்த இரண்டு எண்களும்தான் உலகம் முழுவதும் பரவின. அதே ஆய்வில் 32 டிகிரி நீரில் கிடைத்த எண்களை எடுத்துச் சொல்வார் மிகக் குறைவு. அந்த நீரில் உடலின் வெப்ப ஆக்கம் மாறவே இல்லை. ஆனால் இதயத்துடிப்பு 15 விழுக்காடும், ரத்த அழுத்தம் 11 முதல் 12 விழுக்காடும், மன அழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு 34 விழுக்காடும் இறங்கின. குளிர்நீர் உடலை உலுக்கி எழுப்புகிறது என்றால், வெதுவெதுப்பான நீர் உடலைத் தணித்து அமர்த்துகிறது. இரண்டும் வெவ்வேறு வழிகள்.

திருப்பூணித்துறையிலிருந்து மேற்கே சென்று, மட்டாஞ்சேரியையும் ஃபோர்ட் கொச்சியையும் கடந்து கடலில் கால் நனைப்பவர், ஆண்டின் பெரும்பகுதியில் 28 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரையே தொடுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுவதால் இந்த அளவு சில டிகிரி இறங்கும் என்றாலும், அப்போது கடல் இருக்கும் சீற்றத்தில் நீந்துவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆகவே தென்னிந்தியக் கடலில் நீந்துபவரின் உடல், செக் ஆய்வின் 14 டிகிரித் தொட்டியைவிட 32 டிகிரித் தொட்டிக்கே நெருக்கமானது. ஆய்வில் இருந்தவர்கள் அசையாமல் அமர்ந்திருந்தார்கள், கடலில் இருப்பவர் கைகால் ஓயாமல் உழைக்கிறார் என்னும் வேறுபாட்டை மறைக்காமல்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

நீருக்குள் இறங்கும் உடலுக்கு நேர்வதைச் சற்று நின்று பார்க்கலாம். முழங்கால், இடுப்பு, மார்பு என்று நீர் ஏற ஏற, நீரின் எடை உடலைச் சுற்றிலும் அழுத்துகிறது. ஆழம் கூடிய இடத்தில், அதாவது கால்களில், அழுத்தம் அதிகம். இந்த அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கும் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. கழுத்தளவு நீரில் நிற்பவரின் மார்புக்குள் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் ரத்தம் கூடுதலாக வந்து சேர்கிறது. இதயம் நிறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியேற்றுவதால், துடிப்புகளின் எண்ணிக்கை குறைந்தாலும் வேலை நடந்துவிடுகிறது. மார்பில் ரத்தம் மிகுந்துவிட்டது என்று தவறாகக் கணக்கிடும் உடல், உபரியான நீரை வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்கு ஆணையிடுகிறது. குளத்தில் இறங்கிய சற்று நேரத்தில் எவருக்கும் சிறுநீர் முட்டுவதன் காரணம் இதுவே; செக் ஆய்விலும் 32 டிகிரி நீரில் சிறுநீர் இருமடங்குக்கு மேல் ஆனது. நீண்ட நேரம் நீந்திக் கரையேறுபவர் தள்ளாடுவதும் சில வேளை மயங்கி விழுவதும் இதன் மறுபக்கம்: சுற்றி அழுத்திய நீர் திடீரென்று விலகியதும் ரத்தம் கால்களுக்கு இறங்கிவிடுகிறது. பார்ப்பவர் அதைக் களைப்பு என்று மட்டுமே நினைத்துக்கொள்கிறார்.

மூச்சின் பங்கும் சிறியதன்று. நீந்துபவர் முகத்தை நீருக்குள் வைத்தபடி மெதுவாகக் காற்றை வெளிவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அந்தக் கணத்தில் விரைவாக உள்ளிழுக்கிறார். வெளிமூச்சு நீளம், உள்மூச்சு குறுக்கம். மூளையிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை ஓடி அவற்றின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் என்னும் நரம்பு, வெளிமூச்சின்போதுதான் இதயத்தின்மீது தன் பிடியை இறுக்குகிறது. மூச்சுப்பயிற்சி வகுப்புகளில் எண்ணி எண்ணிச் செய்வதை நீந்துபவர் வேறு வழியில்லாமல் செய்கிறார். நிமிடத்துக்கு 50 கைவீச்சு என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், 13 மணி நேரத்தில் 39,000 கைவீச்சு ஆகிறது; இந்த எண்ணிக்கையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, வீட்டுக் கணக்கும் அலுவலகப் பூசலும் மனத்தில் நிலைத்து நிற்க இடமின்றிப் போவதில் வியப்பில்லை.

உடலுழைப்பு தரும் இன்பத்துக்குக் காரணம் எண்டார்ஃபின் என்று சொல்வது ஏறக்குறைய பழமொழியாகிவிட்டது. எண்டார்ஃபின் என்பது உடல் தானே தயாரிக்கும், அபின் போன்று வலியைத் தணிக்கும் பொருள். ஆனால் 2021ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 63 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அந்தப் பழமொழியை அசைத்தது. அபின் வகைப் பொருள்கள் மூளையில் சென்று பொருந்தும் இடங்களை மருந்து கொடுத்து அடைத்த பிறகும், 45 நிமிடம் ஓடியவர்களின் களிப்பும் பதற்றத் தணிவும் குறையவில்லை. கஞ்சாவில் உள்ள பொருளை ஒத்ததாய் உடலே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்னும் மற்றொரு வகைப் பொருள்தான் அந்தக் களிப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது ஓட்டத்தைப் பற்றிய முடிவு என்பதையும், நீச்சலுக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாமே குளத்தில் நீந்துபவருக்கும் ஓரளவு கிடைக்கக்கூடியவை. கடலுக்கென்று தனியே உள்ளது அச்சம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஜியா ராய் நீந்திய பாக் நீரிணையின் நீச்சல் வரலாறு அந்த அச்சத்தோடு மனிதர்கள் நடத்திய வழக்கின் வரலாறுதான். 1954ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் நீந்திச் சேர்ந்தார். 1966 ஏப்ரல் 5, 6 நாட்களில் மிஹிர் சென், இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைவர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து அப்போது 16 மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. 1971இல் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன், அக்கரை சென்று இக்கரை திரும்பி, 51 மணி நேரத்தில் நீரிணையை இருமுறை கடந்தார். 'ஆழிக்குமரன்' என்று ஊர் அவரை அழைத்தது. 1994இல் 12 வயதில் அதே நீரிணையைக் கடந்த குற்றாலீசுவரனின் பெயரை அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் நீச்சல் கற்கும் முன்பே அறிந்திருந்தார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன்னுள்ள பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான இடைவெளிதான் இந்த நீரிணையில் நீந்துவதற்கான காலம். வெயில் ஏறும் முன் கூடுமான தொலைவைக் கடந்துவிட வேண்டும் என்பதால் இருட்டிலேயே இறங்குகிறார்கள். கரையோரப் படகுக்காரர்கள் 'நீவாடு' என்று சொல்லும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை, நீந்துபவர் அறியமாட்டார். பக்கத்தில் வரும் படகில் இருப்பவரே அறிவார். இருளில் கை நீரைக் கிழிக்கும் இடத்தில் சில இரவுகளில் நீலமும் பச்சையுமாக ஒளி சிதறும். நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது உமிழும் அந்த ஒளியைக் கொச்சிக்கு அருகே கும்பளங்கியில் 'கவரு' என்கிறார்கள். அக்குளிலும் கழுத்திலும் உப்புநீர் உராய்ந்து தோல் உரியாமலிருக்க வாசலின் பூசியிருப்பார்கள். நாக்கு உப்பில் ஊறித் தடித்துவிடும். மீனவர் 'சொறி' என்னும் இழுதுமீன் தொட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல் எரியும். உணவும் நீரும் படகிலிருந்து கயிற்றில் கட்டியோ கோலின் முனையில் வைத்தோ நீட்டப்படுகின்றன; நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடி வாங்கிக் குடிக்கிறார். படகைத் தொடலாகாது என்பதே நெடுந்தூர நீச்சலின் முதல் விதி. கைக்கெட்டும் தூரத்தில் மரம் மிதந்துகொண்டிருக்க, அதைப் பிடிக்காமல் இருப்பதில்தான் முழு நீச்சலும் அடங்கியிருக்கிறது.

ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் கணிப்பை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தனியொரு கருத்தாக வகுத்தார். அதைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். பிறர் தரும் ஊக்கமொழியைவிட, தானே செய்து முடித்த அனுபவமே அந்த நம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்பது அவருடைய கோட்பாட்டின் மையம். கடல் இதற்கு வாய்ப்பான இடம், ஏனெனில் அங்கே முகத்துக்காகச் சொல்லும் பாராட்டு செல்லாது. கரையைத் தொட்டது தொட்டதே. மனச்சோர்வில் ஆழ்ந்தவருக்குத் தம்மால் எதுவும் ஆகாது என்னும் எண்ணம் ஊறிப்போயிருக்கும். அந்த எண்ணத்துக்கு எதிராக வைக்க, கையால் தொட்ட ஒரு கரை கிடைக்கிறது.

அடுத்தது கூட்டம். 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், பல்கலைக்கழகப் படகுவீரர் 12 பேரை 45 நிமிடம் துடுப்புப் பொறியில் ஒருமுறை தனியாகவும் மறுமுறை எல்லோரும் ஒரே தாளத்திலுமாக உழைக்கச் செய்து, பிறகு கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி அவர்கள் எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பின் அளவு ஒன்றாக இருந்தும், சேர்ந்து செய்தபோது வலி தாங்கும் எல்லை அதிகமாக உயர்ந்தது. கேரளத்தின் படகுப்போட்டியான வள்ளங்களி காலத்தில் படகுப்பாடலாகிய வஞ்சிப்பாட்டின் தாளத்துக்கு நூறு துடுப்புகள் ஒன்றாக விழுவதைப் பார்த்தவருக்கு இந்த முடிவு புதிதாகத் தோன்றாது. கடல்நீச்சலில் இந்தக் கூட்டம் வேறு வடிவம் கொள்கிறது: நீருக்குள் முகம் வைத்திருப்பவர் எவரையும் பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை, ஆனால் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் படகின் பக்கவாட்டுப் பலகை கண்ணில் படுகிறது. தனிமையும் துணையும் இப்படி மாறி மாறி வரும் விளையாட்டு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இனி, பிறர்பொருட்டு என்னும் பகுதி. 2008ஆம் ஆண்டில் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், கனடா நாட்டில் சிலருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொண்ட உறை கொடுக்கப்பட்டது. மாலை 5 மணிக்குள் அதைச் செலவழிக்க வேண்டும், ஒரு சாரார் தமக்காக, மறு சாரார் பிறருக்காக. மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள்; 5 டாலர், 20 டாலர் என்னும் வேறுபாடு கணக்கில் வரவில்லை. ஆனால் மகிழ்ச்சி கொடுப்பதில்தான் இருக்கிறது என்றால், காசோலையில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடலாமே, கடலில் இறங்கி வருந்துவானேன் என்னும் கேள்வி எழுகிறது. கிறிஸ்தஃபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013இல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டன. ஒரே அறச்செயலுக்கு, உல்லாச விருந்து ஒன்றில் கலந்துகொள்வதன் வழியே கொடுப்பதைவிட, ஐந்து மைல் ஓட்டம் ஒன்றில் ஓடுவதன் வழியே கொடுப்பதாக இருந்தால் மக்கள் அதிகம் தர முன்வந்தார்கள். நன்கொடையின் நோக்கம் மனிதத் துயரைத் தணிப்பதாக இருக்கும்போதுதான் இந்த விளைவு வலுவாகத் தெரிந்தது. பூங்கா அமைப்பது போன்ற இன்பத்துக்குரிய நோக்கங்களில் வலுவிழந்தது. துயருக்குத் துயரே தக்க விலை என்று மனம் எங்கோ கணக்கு வைத்திருக்கிறது.

ஆங்கில இதழ்கள் இதை மேலைநாட்டுப் புதுமையாக எழுதுகின்றன. தமிழருக்கு இது புதுமையா? பிள்ளையின் காய்ச்சல் தணிந்தால் பழனிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொள்ளும் தாயும், கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகப் பால்குடம் எடுக்கும் மனைவியும், முதுகில் அலகு குத்திக் காவடி தூக்கும் தம்பியும் செய்வது, ஒருவரின் துயரை மற்றொருவர் தம் உடலின் வழியே சுமப்பதுதான். இந்த ஒப்புமை கட்டுரைக்காகப் புனைந்த அணியன்று. ஆய்வே இதைத் தொட்டிருக்கிறது. மானிடவியலாளர் திமித்ரிஸ் ஸிகலாதாஸும் உடனாய்வாளர்களும், மொரீஷியஸ் தீவில் வாழும் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, விரும்பிய தொகையை யாரும் பார்க்காமல் கோயில் நிதிக்குப் போடலாம் என்று சொன்னபோது, கூட்டு வழிபாட்டில் மட்டும் அமர்ந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் அளவில் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் ஏறத்தாழ 133 ரூபாய் கொடுத்தார்கள். காவடியோடு உடன் நடந்து பார்த்துவந்தவர்கள் ஏறத்தாழ 161 ரூபாய் கொடுத்தார்கள். உணர்ந்த வலி கூடக் கூடக் கொடையும் கூடியது. நீந்துபவரைவிடக் கரையில் நிற்பவர் பணப்பையைத் திறப்பது ஏன் என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

அதே குழு 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், காவடி எடுப்பவர்களின் உடலில் கருவி அணிவித்து அவர்களின் உடல்நிலையைப் பின்தொடர்ந்தது. சடங்கால் உடலுக்கு நீடித்த தீங்கு எதுவும் காணப்படவில்லை. அதிக அலகு குத்திக்கொண்டவர்கள் தம் மனநலம் கூடுதலாக மேம்பட்டதாகச் சொன்னார்கள். பங்கேற்றோர் தொகை சிறியது, மனநலத்தை அவர்களே மதிப்பிட்டுக் கூறினார்கள் என்னும் குறைகள் இருந்தாலும், குளிர்நீர்த் தொட்டி ஆய்வைவிட இதுவே தென்னிந்தியக் கடலில் நீந்துபவரின் மனத்துக்கு அருகில் வருகிறது: தானே தேர்ந்த வருத்தம், பிறர்க்கென்று சொல்லிவிட்டு ஏற்ற வருத்தம், ஊர் பார்க்கத் தாங்கிய வருத்தம். வேறுபாடும் உண்டு. காவடி பெரும்பாலும் வேண்டுதல் பலித்தபின் கடனைத் தீர்ப்பது. தொண்டுநீச்சல் பலனுக்கு முன்பே ஊரிடம் கடன் கேட்பது. கடனைத் தீர்த்தவருக்கு வரும் நிம்மதி நீந்துபவருக்குச் சற்றுத் தாமதமாகவே வரும். கொடுக்கிறேன் என்றவர்கள் கொடுத்து முடிக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டும்.

கடல் எல்லோருக்கும் மன அமைதி தரும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. கடலோரத்தில் வசிப்பது மனநலத்துக்கு நல்லது என்னும் கருத்து பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தரவுகளிலிருந்து வந்தது. கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் வீட்டுக்குள் புகுந்து சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு போனதைக் கண்டவர்களுக்கும், 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்திலோ கொச்சிக்கு வடக்கே எடவனக்காட்டிலோ உறவை இழந்தவர்களுக்கும் அலையோசை அமைதியின் ஓசையாக இராது. கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர் அதில் பொழுதுபோக்காக நீந்துவதும் குறைவு. இவர்களை அழைக்காமல், இவர்களின் கரையிலிருந்து தொடங்கும் தொண்டுநீச்சல், நகரத்தாரின் உல்லாசமாகவே முடியும்.

வெதுவெதுப்பான நீர் பாதுகாப்பானது என்பதும் ஆபத்தான தவறு. நீந்தும் உடல் தொடர்ந்து வெப்பத்தை ஆக்குகிறது. சுற்றியுள்ள நீர் போதிய குளிர்ச்சியோடு இல்லாவிட்டால் அந்த வெப்பம் வெளியேறாது. வியர்வை நீருக்குள் ஆவியாகவும் முடியாது. 2010 அக்டோபரில் அமெரிக்க நீச்சல்வீரர் ஃபிரான் கிரிப்பன், ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெம்மையான கடலில் நடந்த 10 கிலோமீட்டர்ப் பந்தயத்தின் நடுவே உயிரிழந்தார். உலக நீச்சல் கூட்டமைப்பு இப்போது 31 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் திறந்தநீர்ப் பந்தயங்களை அனுமதிப்பதில்லை. குளிரும் யாருக்கும் சலுகை தருவதில்லை: வெதுவெதுப்பான பாக் நீரிணையில் 51 மணி நேரம் தாங்கிய ஆழிக்குமரன் ஆனந்தன், 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்தார். நிதி திரட்டுவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்ட ஒருவருக்குப் பாதியில் படகேறுவது மற்றவர்களைவிடக் கடினம்; தொண்டின் பெயர் ஊக்கம் தரும் அதே கையால் பிடித்துத் தள்ளவும் செய்யும். ஆகையால் நிறுத்தும் முடிவு நீந்துபவரிடம் இருக்கலாகாது, படகில் உள்ள மருத்துவரிடமும் நீவாடு அறிந்த படகோட்டியிடமும் இருக்க வேண்டும். பாதியில் நின்றாலும் நன்கொடை முழுதும் செல்லும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும்.

எந்தத் தொண்டுக்காக நீந்துவது என்பதிலும் தென்னிந்தியர் இரவல் வாங்க வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஆறும் காயலும் கடலும் சூழ்ந்த கேரளத்திலும், ஏரியும் கல்குவாரிக் குட்டையும் நிறைந்த தமிழ்நாட்டிலும் பள்ளி விடுமுறை நாட்களில் இச்செய்தி வராத வாரம் அரிது. முதற்கண் நிதி தேவைப்படுவது பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதற்குத்தான். ஆலுவாவில் சஜி வாளச்சேரி என்பவர் பல ஆண்டுகளாகப் பெரியாற்றில் சிறுவர், முதியவர், மாற்றுத்திறனாளிகள் என எல்லோருக்கும் கட்டணமின்றி நீச்சல் சொல்லிக்கொடுத்து வருகிறார். பயிற்சி முடிப்பவர்கள் ஆற்றைக் குறுக்காக நீந்திக் கடக்கிறார்கள். திருப்பூணித்துறையில் மெட்ரோ ஏறுபவர் கடைசி நிலையத்தில் இறங்கினால் ஆலுவா.